இரும்பாலைக்குப் போகாத மெக்கானிக்கல் மாணவர்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு இன்பிளான்ட் ட்ரெயினிங் போயிருந்தா ரோலிங் மில் சூடு உங்களுக்குத் தெரியும். மெக்கானிக்கல் படிச்சா இரும்பு கம்பெனி வேலைன்னு வீட்டுல போடுற கணக்கும் தெரியும். ஹோமி பாபா வீட்டிலயும் அதே கணக்குதான். 1909-ல் பம்பாயில் பிறந்தவர். அத்தையின் கணவர் தோராப்ஜி டாடா. 1927-ல் கேம்பிரிட்ஜுக்கு அனுப்பினாங்க. மெக்கானிக்கல் முடிச்சுட்டு வந்து ஜாம்ஷெட்பூர் டாடா இரும்பாலையில் சேரணும்.

அடுத்த வருஷமே, தனக்கு இயற்பியல்தான் வேணும்னு அப்பாவுக்குக் கடிதம் போட்டார். மெக்கானிக்கலில் முதல் வகுப்பு வாங்கினா கணிதம் படிக்க வைக்கிறதா அப்பா ஒத்துக்கிட்டார். (நம்ம வீட்டுல கேட்டுப் பாருங்க, அரியர் இல்லாதவங்க மட்டும்.) 1930-ல் பாபா முதல் வகுப்பு வாங்கினார்.

1936-ல், 26 வயசுல, ஒரு கட்டுரை வெளியிட்டார். எலக்ட்ரானும் பாசிட்ரானும் மோதி, மறுபடி எலக்ட்ரான், பாசிட்ரானாவே வெளியே வருது. ரெண்டும் ஒண்ணையொண்ணு இழுத்துத் திசை மாறியிருக்கலாம். இல்ல, ரெண்டும் அழிஞ்சு, அந்த ஆற்றலில் புது ஜோடி பிறந்திருக்கலாம். வெளியே வர்றதைப் பார்த்து எதுன்னு சொல்ல முடியாது. அதனால ரெண்டு வழியோட நிகழ்தகவையும் தனித்தனியா போட்டுக் கூட்டினா தப்பு. ரெண்டின் வீச்சையும் முதல்ல சேர்த்து, அப்புறம்தான் வர்க்கம் எடுக்கணும்னு காட்டினார். இதுதான் பாபா சிதறல். அப்போ இந்த ரெண்டையும் மோதவிடுற எந்திரமே உலகத்தில் கிடையாது. முதலாவது 1961-ல் இத்தாலியில்தான் வந்தது.

மீதி உங்க பொது அறிவுப் புத்தகத்திலயே இருக்கு: 1939-ல் லீவுக்கு வந்தவரைப் போர் இங்கேயே நிறுத்தினது, பெங்களூரில் ராமனோடு வேலை, 1945-ல் டாடா ஆராய்ச்சி நிறுவனம், 1956-ல் அப்சரா அணு உலை. 1966 ஜனவரி 24, ஜெனீவாவில் இறங்க வேண்டிய ஏர் இந்தியா விமானம் மோன் பிளாங் மலையில் மோதி இறந்தார். வயசு 56.

அதே ஜெனீவா பக்கம் 1989-ல், 27 கிலோமீட்டர் சுரங்கத்தில் லெப் கொலைடர் ஓட ஆரம்பிச்சது. கொலைடரில் பெரும்பாலான துகள்கள் மோதாமலே கடந்துபோயிடும். மோதலைக் கூட்டணும்னா கற்றையை ஒல்லியாக்கணும், நேருக்கு நேர் வர வைக்கணும். ஆனா ஒரு காந்தத்தைத் திருகினதும் மோதல் கூடிச்சா குறைஞ்சுதான்னு எப்படித் தெரியும்? நிகழ்தகவு துல்லியமா தெரிஞ்ச ஒரு நிகழ்வை எண்ணி வகுக்கணும். சின்னக் கோணத்தில் ஏராளமா நடக்குற பாபா சிதறல்தான் அந்த அளவுகோல். லெப்பில் இதை 0.1 சதவீதத்தை விடத் துல்லியமா அளந்தாங்க. அளவு பிசகியிருந்தா, லேசான நியூட்ரினோ 3 வகைதான்ங்கிற முடிவே ஆட்டம் கண்டிருக்கும்.

இன்னைக்கு ஜப்பானின் சூப்பர்கெக்பியில் கற்றையின் உயரம் ஒரு மைக்ரானுக்கும் கம்மி. 2022 ஜூனில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு, நொடிக்கு 4.7×10³⁴ என்ற அப்போதைய உலக சாதனையைத் தொட்டது. அங்கேயும் கற்றை நேரா மோதுதான்னு பார்க்க பாபா சிதறலைத்தான் எண்ணுறாங்க. அங்கே ஓடுற பெல் 2 பரிசோதனையில் நம்ம ஐஐடி மெட்ராஸும் இருக்கு.