அல் குவாரிஸ்மி (ரஹ்): வாரிசுரிமைக் கணக்கு எழுதிய அல்ஜிப்ரா மேதை

ஒருவர் மவ்த்தாகிறார். அவருக்கு இரண்டு மகன்கள். விட்டுச் சென்ற ரொக்கம் பத்து திர்ஹம். மகன்களில் ஒருவன் தந்தையிடம் வாங்கிய பத்து திர்ஹம் கடனை இன்னும் தரவில்லை. இதோடு, வாரிசு அல்லாத ஒருவருக்குச் சொத்தில் மூன்றில் ஒரு பங்கை அவர் வஸிய்யத் செய்திருக்கிறார். யாருக்கு எவ்வளவு?

நம் ஜமாஅத்துகளுக்கு இன்று வந்தாலும் வரக்கூடிய வழக்குதான். ஆனால் இது சுமார் 1200 ஆண்டுகளுக்கு முன் பாக்தாதில் எழுதப்பட்ட ஒரு கணித நூலில் உள்ள கணக்கு. எழுதியவர் முஹம்மத் இப்னு மூஸா அல் குவாரிஸ்மி (ரஹ்) அவர்கள்.

கி.பி. 780ஐ ஒட்டிப் பிறந்தவர். ஆரல் கடலுக்குத் தெற்கே, இன்றைய உஸ்பெகிஸ்தான், துர்க்மெனிஸ்தான் நாடுகளில் அடங்கும் குவாரிஸ்ம் பகுதியின் பெயரே அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. கலீஃபா மஃமூன் (ஆட்சிக்காலம் 813-833) பாக்தாதில் ஆதரித்து வளர்த்த பைத்துல் ஹிக்மாவில் அறிஞராக இருந்தார். கிரேக்கம், பாரசீகம், சமஸ்கிருதம் எனப் பல மொழி நூல்கள் அரபியாக்கப்பட்ட காலம் அது. இந்திய வானியல் முறையைத் தழுவி அவர் ஒரு ஜீஜ், அதாவது வானியல் அட்டவணை நூல் செய்தார். 2,400க்கும் அதிகமான இடங்களின் அட்சரேகை, தீர்க்கரேகைகளைத் தொகுத்து ஒரு புவியியல் நூல் எழுதினார். பூஜ்யம் உள்ளிட்ட இந்திய எண்முறையை விளக்கியும் ஒரு நூல் எழுதினார்.

ஆனாலும் அவர் பெயரை நிலைநிறுத்தியது ஜப்ர், முகாபலா கணக்கு பற்றிய சுருக்க நூல்தான். அல்ஜிப்ரா என்ற சொல்லே இதன் தலைப்பிலிருந்து வந்தது. கலீஃபா ஊக்கப்படுத்தியதால் எழுதியதாக முன்னுரையில் சொல்கிறார். வாரிசுரிமை, வஸிய்யத், பங்கு பிரித்தல், வழக்கு, வியாபாரம், நில அளவை, கால்வாய் வெட்டுதல் என்று மக்களுக்கு அன்றாடம் தேவைப்படும் கணக்குகளை எளிதாக்கித் தருவதே தன் நோக்கம் என்கிறார். அதாவது, பரீட்சை எழுதும் சிறுவர்களுக்காக எழுதப்பட்ட நூல் அல்ல. காழியும் வியாபாரியும் நில அளவையாளரும், வளர்ந்த பிறகு உட்கார்ந்து படிப்பதற்காக எழுதியது.

அந்நூலில் எக்ஸ் இல்லை, கூட்டல் குறி இல்லை. எண்களைக்கூடச் சொற்களாகவே எழுதுகிறார். தெரியாத அளவுக்கு அவர் வைத்த பெயர் 'ஷய்', பொருள். ஜப்ர் என்பதற்கு உடைந்த எலும்பைப் பொருத்துதல் என்றும் அரபியில் பொருள் உண்டு. சமன்பாட்டின் ஒரு பக்கத்தில் கழிக்கப்பட்டு நிற்பதை ஈடுசெய்து, மறுபக்கத்திலும் அதையே சேர்ப்பது ஜப்ர். இரு பக்கமும் இருக்கும் ஒரே வகையை நேருக்கு நேர் வைத்துக் கழிப்பது முகாபலா.

இங்கே என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மதரஸாவில் ஃபராயிள் ஓதியவன் நான். அஸ்ல் மஸ்அலாவை 6, 12, 24 என்று எடுத்து அவ்ல், ரத்து வரை போட்டுவிடுவேன். அல்ஜிப்ராவுக்கோ பத்தாம் வகுப்போடு முழுக்கு. கல்லூரியில் எடுத்தது கலைப்பாடம். மேலே சொன்ன கணக்கில் சிக்கிக்கொண்டு, நாற்பது வயதுக்கு மேல் பள்ளிப் பாடப்புத்தகத்தைத் திறந்தேன். அந்தப் பக்கம் போனால் குறி மாறும் என்று சிறுவயதில் மனனம் செய்ததுதான் நினைவில் இருந்தது. ஏன் மாறும் என்று தெரியாது. குவாரிஸ்மி அவர்களின் வழியைப் படித்தபோதுதான் எதுவும் எங்கும் போவதில்லை, இரு பக்கமும் ஒரே காரியத்தைச் செய்கிறோம் என்பது விளங்கியது.

அவர் வழியில் போட்டுப் பாருங்கள். கடன்பட்ட மகனின் பங்கு எவ்வளவோ அது அவன் கடனில் கழியும். அந்தத் தெரியாத பங்குதான் 'பொருள்'. ஆக, பங்கிட வேண்டிய சொத்து பத்து திர்ஹமும் ஒரு பொருளும். அதில் மூன்றில் ஒன்று வஸிய்யத்துக்குப் போனால் மீதி ஆறே முக்கால் அல்ல, கவனம், ஆறும் மூன்றில் இரண்டும் திர்ஹம். கூடவே பொருளில் மூன்றில் இரண்டு. இதை இரு மகன்களுக்கும் பிரித்தால் ஒருவருக்கு மூன்றும் மூன்றில் ஒன்றும் திர்ஹம், பொருளில் மூன்றில் ஒன்று. கடன்பட்டவனின் பங்கும் இதுவே. அதற்குத்தான் 'பொருள்' என்று பெயர் வைத்தோம். இரு பக்கமும் பொருளில் மூன்றில் ஒன்றைக் கழித்தால், பொருளின் மூன்றில் இரண்டு, மூன்றும் மூன்றில் ஒன்றும் திர்ஹத்துக்குச் சமம். இரு பக்கமும் அதனதன் பாதியைச் சேர்த்தால் ஒரு முழுப் பொருள் ஐந்து திர்ஹம். ரொக்கம் பத்தில் வஸிய்யத் பெற்றவருக்கு ஐந்து, மற்ற மகனுக்கு ஐந்து. கடன்பட்டவனின் ஐந்து அவன் கடனிலேயே கழிந்தது.

வர்க்கம் வரும் சமன்பாடுகளையும் ஆறு வகையாகப் பிரித்து, சதுரம் வரைந்து நிரூபித்தும் காட்டினார்.

கி.பி. 850ஐ ஒட்டி அவர் மறைந்தார். 1145ல் செஸ்டர் ராபர்ட் என்பவர் ஸ்பெயினில் இந்நூலை லத்தீனில் மொழிபெயர்த்தார். குவாரிஸ்மி என்ற பெயரின் லத்தீன் உச்சரிப்பிலிருந்தே இன்று கணினித்துறையில் புழங்கும் அல்காரிதம் என்ற சொல் வந்தது. ஆனால் நூலின் ஏறத்தாழ பாதியாக இருந்த வஸிய்யத், வாரிசுரிமைக் கணக்குகள் மட்டும் அந்த லத்தீன் மொழிபெயர்ப்பில் இடம்பெறவில்லை. 1831ல் லண்டனில் ஃபிரெடரிக் ரோசன் அரபி மூலத்தோடு வெளியிட்ட ஆங்கில மொழிபெயர்ப்பில் அந்தப் பகுதியும் இருக்கிறது. மேலே உள்ள கணக்கு அதில் வாரிசுரிமைப் பகுதியின் தொடக்கத்திலேயே வருகிறது.