ஒரே லைனில் 30 பேர் பேசுவது எப்படி? யார் இந்த அலெக் ரீவ்ஸ்?

புன்னக்காயலில் இருந்து ஒருவர் லேண்ட்லைனில் சென்னைக்குப் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் இருந்து எக்ஸ்சேஞ்ச் வரைதான் அந்தக் கம்பி அவருக்கு மட்டும். அதைத் தாண்டினால் '2 எம்பி' எனப்படும் டிரங்க் லைன். அதில் அவரோடு இன்னும் 29 பேர் பேச முடியும். ஆனாலும் ஒருவர் பேச்சு இன்னொருவர் காதில் விழாது. இதற்கு அடித்தளம் போட்டவர் அலெக் ரீவ்ஸ்.

1902-ல் இங்கிலாந்தின் ரெட்ஹில் ஊரில் பிறந்தவர். லண்டனில் இன்ஜினீயரிங் படித்து, 1920-களின் கடைசியில் பாரிஸ் ஆய்வகத்துக்கு வேலைக்குப் போனார். அப்போது தொலைதூர ஃபோனில் பெரிய தலைவலி, இரைச்சல். வழியில் ஆம்ப்ளிஃபயர் வைத்தால் பேச்சோடு சேர்ந்து இரைச்சலும் பெரிதாகும். 1937-ல் ரீவ்ஸுக்கு ஒரு யோசனை வந்தது. குரலை அப்படியே அனுப்பாமல், நொடிக்குப் பல ஆயிரம் முறை அளந்து, அந்த எண்களை மட்டும் துடிப்புகளாக அனுப்பினால் என்ன? துடிப்பு இருக்கா, இல்லையா என்று தெரிந்தால் போதும். வழியில் புதுசாகவே துடிப்பை உருவாக்கி அனுப்பிவிடலாம், இரைச்சல் சேராது. இதுதான் பி.சி.எம்.

எண்ணாக மாறிய குரல்களை வரிசையாக அடுக்குவது சுலபம். நம் ஊர் 2 எம்பி லைனை 32 சீட் உள்ள பஸ் மாதிரி நினைத்துக்கொள்ளலாம். நொடிக்கு 8,000 பஸ், சீட்டுக்கு 8 பிட். முதல் சீட் டிரைவருக்கு. பஸ் எங்கே தொடங்குகிறது என்று மறுமுனைக்கு அடையாளம் காட்டுவது அதுதான். 30 சீட் பேசுபவர்களுக்கு.

மிச்சமுள்ள ஒன்று கண்டக்டர் சீட். சிக்னலிங் நடப்பது அங்கேதான். யார் ரிசீவரை எடுத்தார், யார் வைத்தார் என்பது தெரியாவிட்டால் மணி அடிக்காது, பில்லும் ஓடாது. கண்டக்டரின் 8 பிட்டில் ஒரு டிரிப்புக்கு 2 பேர் நிலவரம்தான் போகும், ஆளுக்கு 4 பிட். 15 டிரிப்பில் 30 பேரும் முடிந்துவிடும். வரிசையைச் சரிபார்க்க இன்னொரு டிரிப். எல்லாம் சேர்த்து 2 மில்லி செகண்ட். டயல் செய்த நம்பர் மட்டும் அவரவர் சீட்டிலேயே டோனாகப் போகும். பின்னாடி வந்த எஸ்.எஸ்.7 முறையில் நம்பர் உட்பட எல்லாமே தனி மெசேஜாகிவிட்டது.

அமெரிக்காவின் டி1 லைனில் 24 பேர், கண்டக்டர் சீட்டே கிடையாது. ஆறு டிரிப்புக்கு ஒருமுறை ஒவ்வொரு பயணியிடமும் ஒரு பிட்டைத் 'திருடி' அதில் சிக்னலை வைப்பார்கள். காதுக்குத் தெரியாது. ஆனால் கம்ப்யூட்டர் டேட்டா அனுப்பினால் அடி வாங்கும்.

இந்த ஏற்பாடுகளை எல்லாம் வடிவமைத்தவர்கள் ரீவ்ஸுக்குப் பின்னால் வந்தவர்கள். அவர் காலத்தில் இருந்தது வால்வுதான், டிரான்சிஸ்டர் வந்தது 1947-ல். பி.சி.எம். கருவியை வால்வில் செய்தால் விலை கட்டுப்படியாகாது. ரீவ்ஸின் யோசனைக்கு அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது 1942-ல். அன்றைய சட்டப்படி அதன் ஆயுள் 17 வருஷம், 1959-ல் முடிந்தது. டி1 சேவைக்கு வந்தது 1962-ல். மூன்றே வருஷத்தில் தவறிப்போனது!

இடையில் போர். 1940-ல் ஜெர்மன் படை பாரிஸை நெருங்க, ரீவ்ஸ் இங்கிலாந்து திரும்பினார். குண்டுவீச்சு விமானங்களைத் துல்லியமாக வழிநடத்தும் 'ஓபோ' கருவியை உருவாக்கியதில் அவருக்கு முக்கியப் பங்கு உண்டு. ஆவியுலக ஆராய்ச்சியில் தீவிர ஆர்வம் கொண்டவர் என்பது ஒரு விநோதம்.

அங்கீகாரம் தாமதமாகத்தான் வந்தது. 1969-ல் சி.பி.இ. விருது கிடைத்தது. அதே ஆண்டு பி.சி.எம்.முக்கு பிரிட்டன் தபால் தலையும் வெளியிட்டது. கடைசிக் காலத்தில் ஒளியிழைதான் எதிர்காலம் என்று தன் ஆய்வகத்தைத் தூண்டிக்கொண்டிருந்தார். அங்கே வேலை பார்த்த சார்லஸ் காவோவுக்கு அதற்காக 2009-ல் நோபல் பரிசு கிடைத்தது.

ரீவ்ஸ் இறந்தது 1971 அக்டோபரில். கிராமங்களுக்கும் ஏற்ற டிஜிட்டல் எக்ஸ்சேஞ்சை உருவாக்க இந்தியாவில் சி-டாட் தொடங்கப்பட்டது, அதற்கு 13 வருஷம் கழித்து.