பாரதத்தின் முதல் பெண் முதலமைச்சர் ஸ்ரீமதி சுசேதா கிருபளானி

1963-ம் வருஷம் அக்டோபர் 2-ந் தேதி, காந்தி ஜயந்தி. கட்சிப் பணிக்காகத் திரு. காமராஜ் சென்னையில் முதலமைச்சர் பதவியைத் துறந்த அதே தினம், லக்னௌவில் ஸ்ரீமதி சுசேதா கிருபளானி உத்தரப் பிரதேச முதலமைச்சராகப் பொறுப்பேற்றார். நம் நாட்டில் ஒரு மாநிலத்தின் முதல்வரான முதல் பெண்மணி அவரே. அங்கே முதல்வராக இருந்த சி.பி. குப்தா விலகியதும் காமராஜ் திட்டத்தின்படிதான்.

சுசேதா 1908-ல் அம்பாலாவில், பிரம்ம சமாஜத்தைச் சேர்ந்த வங்காளிக் குடும்பத்தில் பிறந்தார். தந்தையார் மஜூம்தார் அரசாங்க மருத்துவர். அவர் காலமானபின் குடும்பப் பாரம் மகளின் தோளில் விழுந்தது. டெல்லியில் படித்த சுசேதா, காசி ஹிந்து சர்வகலாசாலையில் ஆசிரியை ஆனார். தம்மைவிட இருபது வயது மூத்தவரான ஆச்சார்ய ஜே.பி. கிருபளானியை மணக்க அவர் தீர்மானித்தபோது இரு வீட்டாரும் எதிர்த்தனர். தமக்கு வலக்கரம் போன்ற தொண்டரை இழக்க நேரிடுமோ என்று காந்திஜியும் தயங்கினார். ஒருவருக்குப் பதில் இரண்டு தொண்டர்கள் கிடைப்பார்களே என்று சுசேதா வாதாடினாராம். 1936-ல் விவாகம் நடந்தது. அந்த வாதம் வெறும் பேச்சாகப் போகவில்லை.

1940-ல் தனிநபர் சத்தியாக்கிரகத்தில் சிறை சென்றார். 1942 ஆகஸ்ட் இயக்கத்தில் தலைமறைவாகப் பணிபுரிந்து, 1944-ல் கைதானார். 1946-ல் கலவரத்தால் சின்னாபின்னமான நவகாளியில் துயருற்றோருக்குத் தொண்டாற்றினார். அரசியல் நிர்ணய சபையின் பதினைந்து பெண் உறுப்பினர்களில் அவரும் ஒருவர். 1947 ஆகஸ்ட் 14 இரவு, அச்சபை சுதந்திரத்தை வரவேற்கக் கூடியபோது வந்தே மாதரம் பாடித் தொடங்கி வைத்தவர் அவரே.

இனிதான் இத்தம்பதிகளுக்கு உண்மையான சோதனை. 1951-ல் காங்கிரஸை விட்டு விலகிய கிருபளானி புதுக் கட்சி தொடங்கினார். 1952 தேர்தலில் அக்கட்சியின் சார்பில் புதுடெல்லியில் நின்று, காங்கிரஸ் வேட்பாளரைத் தோற்கடித்து சுசேதா மக்களவைக்குச் சென்றார். பின்னர் அவர் காங்கிரஸுக்குத் திரும்ப, கணவரோ எதிர்க்கட்சியிலேயே இருந்துவிட்டார். 1957-ல் இருவரும் ஒரே மக்களவையில் எதிரெதிர் வரிசையில் அமர்ந்தனர். 1963 ஆகஸ்டில் நேருஜி அரசின் மீது முதல் நம்பிக்கையில்லாத் தீர்மானத்தைக் கொண்டுவந்தவர் கிருபளானி; அடுத்த இரண்டாம் மாதம் காங்கிரஸ் முதல்வரானவர் அவருடைய மனைவி! கணவருக்காக மனைவியோ, மனைவிக்காகக் கணவரோ கொள்கையை மாற்றிக்கொள்ளவில்லை. இல்லறமும் குலையவில்லை.

முதல்வராக அவர் உறுதியானவர். அரசு ஊழியர்கள் ஊதிய உயர்வு கோரி 62 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தபோதும், கஜானா தாங்காது என்று பணிய மறுத்தார். 1967 மார்ச் வரை பதவியில் இருந்து, அவ்வருஷமே கோண்டா தொகுதியில் வென்று மீண்டும் மக்களவை சென்றார். 1971-ல் அரசியலிலிருந்து ஓய்வு பெற்றார். 1974 டிசம்பர் 1-ந் தேதி காலமானார். கிருபளானி மேலும் ஏழாண்டுகளுக்கு மேல் வாழ்ந்து, 1982-ல் மறைந்தார்.

சுசேதாவுக்குப் பிறகு ஒரிசாவில் நந்தினி சத்பதி, தமிழகத்தில் ஜானகி அம்மையார், ஜெயலலிதா எனப் பல பெண்மணிகள் அந்த நாற்காலியில் அமர்ந்தனர். ஒரே கூரையின் கீழ் இரு கருத்துக்கள் இருக்கலாம், பரஸ்பர மரியாதை இருந்தால் போதும் என்று அந்தத் தம்பதிகள் வாழ்ந்து காட்டியது, அரசியலில் இல்லாத நம் வீடுகளுக்கும் பொருந்தும் அல்லவா?