புகாராவின் நூலகமும் இப்னு ஸீனாவும்

இமாம் புகாரி (ரஹ்) அவர்கள் பிறந்த புகாரா நகரை நம் இல்லங்களில் அறியாதவர் இல்லை. அந்நகரை அடுத்த அஃப்ஷனா என்னும் சிற்றூரில் ஹிஜ்ரி 370இல் (கி.பி. 980) பிறந்தவரே மருத்துவ மேதை அபூ அலீ இப்னு ஸீனா.

பத்து வயதில் அவர் குர்ஆனைக் கற்றுத் தேர்ந்தார். இந்தியக் கணிதமுறை தெரிந்த ஒரு காய்கறி வியாபாரியிடம் அனுப்பித் தந்தையார் மகனுக்குக் கணக்குப் படிப்பித்தார். இஸ்மாயீல் அஸ்ஸாஹித் என்ற பெரியாரிடம் ஃபிக்ஹு சட்டம் பயின்றார். 16 வயதிற்குள் மருத்துவமும் கைவந்தது.

விடை காண முடியாத ஐயம் எழுந்தால் அவர் பள்ளிவாசலுக்குச் செல்வார். தொழுது, அச்சிக்கலை அவிழ்த்துத் தருமாறு அல்லாஹ்விடம் இறைஞ்சுவார். கிரேக்க அறிஞர் அரிஸ்டாட்டிலின் தத்துவ நூலொன்றை 40 முறை படித்தும் அவருக்குப் பொருள் விளங்கவில்லை. ஒரு நாள் அஸர் வேளையில் புத்தகக் கடைவீதியில், பணமுடைப்பட்ட ஒருவரின் கிதாபு 3 திர்ஹத்திற்கு விலைக்கு வந்தது. அது அந்நூலைப் பற்றி ஃபாராபீ எழுதிய விளக்கம்! படித்ததும் தெளிவு பிறந்தது. மறுநாளே ஏழைகளுக்குத் தாராளமாக ஸதகா வழங்கி இறைவனுக்கு நன்றி செலுத்தினார்.

அக்காலத்தில் புகாராவை ஆண்ட அமீர் நூஹ் இப்னு மன்ஸூர் கடும் நோயுற்றார். அரண்மனை மருத்துவர்கள் திகைத்து, இந்த இளைஞரை அழைப்பித்தனர். அவர்களோடு சேர்ந்து சிகிச்சை செய்த இப்னு ஸீனா, பிறகு அமீரிடம் ஓர் அனுமதி கேட்டார்: அரண்மனை நூலகத்தினுள் சென்று படிக்க வேண்டும். அனுமதி கிடைத்தது.

அந்நூலகத்தில் பல அறைகள். ஒவ்வோர் அறையிலும் புத்தகப் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. அரபு மொழிக்கும் கவிதைக்கும் ஓர் அறை, ஃபிக்ஹுக்கு ஓர் அறை, இப்படிக் கலைக்கு ஓர் அறை. முற்கால அறிஞர்களின் நூற்பட்டியலைப் பார்த்து, வேண்டியவற்றைக் கேட்டு வாங்கிப் படித்தார். பலர் பெயர்கூடக் கேள்விப்பட்டிராத நூல்கள் அங்கே இருந்தன. 18 வயதில் தம் படிப்பை நிறைவு செய்தார்.

பின்னர் அந்நூலகம் தீக்கிரையானது என்பர். அந்த அறிவு தமக்கு மட்டுமே உரியதாக வேண்டுமென்று அவரே கொளுத்தினார் என்றொரு பழியும் பரவியது. அவருடைய வாழ்க்கையே அதற்கு மறுப்பு. 21 வயதில் அண்டைவீட்டார் ஒருவர் கேட்டதற்காக ஒரு நூல் எழுதினார். ஃபிக்ஹு அறிஞரான மற்றோர் அண்டைவீட்டாருக்காக ஏறத்தாழ 20 பாகங்கள் எழுதினார். ஊர்விட்டு ஊர் அலைந்தார். நான்கு மாதம் சிறையிருந்தார். அங்கும் பேனா ஓயவில்லை. ஐந்து பாகங்கள் கொண்ட அவருடைய மருத்துவ நூல் 'அல்கானூன்' 12ஆம் நூற்றாண்டில் லத்தீனுக்குப் பெயர்க்கப்பட்டு, 17ஆம் நூற்றாண்டு வரை ஐரோப்பியக் கல்விக்கூடங்களில் பாடமாக இருந்தது. அறிவைப் பூட்டிவைக்க நினைப்பவர் செய்யும் காரியமா இது?

அவருடைய தத்துவக் கருத்துகள் சிலவற்றை இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் பிற்காலத்தில் வன்மையாக மறுத்தார்கள். அவருடைய மருத்துவத் தொண்டோ நிலைத்து நின்றது. ஹிஜ்ரி 428 ரமளானில் (கி.பி. 1037) ஹமதானில் அவர் மறைந்தார். இறுதி நாட்களில் தம் அடிமைகளை விடுதலை செய்து, பொருளைத் தர்மம் செய்தார் என வரலாறு கூறுகிறது.

அமீரின் நூலகம் இன்று இல்லை. ஓர் இளைஞருக்கு அதன் கதவைத் திறந்துவிட்டதன் பயன் மட்டும் உலகெங்கும் பரவிற்று. நம் வீட்டுப் பிள்ளை ஒரு கிதாபு கேட்டு நிற்கும்போது இதை நினைவிற்கொள்வோமாக!