டாப் லிங்க் தந்த ஃபெர்குசன்

உங்கள் டிராக்டரின் பின்பக்கம் போய் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். கீழே இரண்டு கைகள், மேலே நடுவில் திருகி நீட்டிக் குறைக்கும் ஒரு கம்பி. கொத்துக் கலப்பை, சட்டிக்கலப்பை, ரோட்டவேட்டர் எதுவானாலும் இந்த மூன்று இடங்களில்தான் மாட்டுகிறீர்கள். மேலே இருப்பதை டாப் லிங்க் என்கிறோம். திருகுக்குப் பதிலாக ஹைட்ராலிக் சிலிண்டர் வைத்த டாப் லிங்க்கும் இப்போது கிடைக்கிறது. வாங்கலாமா என்று என்னிடம் கேட்கும் விவசாயிகள் உண்டு. அதற்குப் பதில் சொல்லும் முன், அந்தக் கம்பி டிராக்டருக்கு எப்படி வந்து சேர்ந்தது என்பதைச் சொல்லிவிடுகிறேன். அது ஒரு மனிதரின் கதை.

ஹாரி ஃபெர்குசன் 1884 நவம்பர் 4 அன்று அயர்லாந்தின் வடபகுதியில், டிரோமோர் என்ற ஊருக்கு அருகே ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். பதினொரு பிள்ளைகளில் நான்காமவர். 14 வயதில் பள்ளியை விட்டு அப்பாவின் நிலத்தில் இறங்கினார். அந்த வேலை அவருக்குப் பிடிக்கவே இல்லை. கனடாவுக்குப் போய்விடலாம் என்றிருந்தவரை, பெல்ஃபாஸ்ட் நகரில் வாகனப் பட்டறை வைத்திருந்த அண்ணன் 1902ல் தன்னோடு சேர்த்துக்கொண்டார். இயந்திரம் கைக்கு வந்ததும் ஆள் மாறிப்போனார். மோட்டார் சைக்கிள் பந்தயம் ஓட்டினார். 1909 டிசம்பர் 31 அன்று, தானே கட்டிய விமானத்தில் சுமார் 120 மீட்டர் தூரம் பறந்தார். அயர்லாந்து மண்ணில் பறந்த முதல் விமானம் அதுதான்.

முதல் உலகப் போர் அவரை மீண்டும் வயலுக்கு இழுத்து வந்தது. உணவுப் பற்றாக்குறை வந்ததால், கூடுதல் நிலத்தை உழ வேண்டும் என்று அரசு நெருக்கியது. அமெரிக்காவிலிருந்து வந்த டிராக்டர்களை ஃபெர்குசன் அப்போது விற்றுக்கொண்டிருந்தார். டிராக்டர் உழவைச் சீர்படுத்தும் பொறுப்பை 1917ல் அரசு அவரிடம் கொடுத்தது. தன் பட்டறையின் வில்லியம் சாண்ட்ஸ் என்ற கெட்டிக்கார மெக்கானிக்கோடு ஊர் ஊராகப் போனார். எங்கே போனாலும் ஒரே குறை கண்ணில் பட்டது. மாட்டுக்குப் பின்னால் கட்டுவதைப் போலவே கனமான கலப்பையைச் சங்கிலி போட்டு டிராக்டருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டிருந்தார்கள்.

மாடு கல்லில் கலப்பை மாட்டினால் நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. பின்சக்கரம் சுழல இடமில்லாதபோது, அந்த விசை வண்டியின் முன்பக்கத்தை மேலே தூக்கும். அந்தக் காலத்து ஃபோர்ட்சன் டிராக்டர்கள் இப்படிப் பின்பக்கமாகக் குப்புறக் கவிழ்ந்து, ஓட்டியவர்கள் அடியில் நசுங்கி இறந்த சம்பவங்கள் பல. கண்மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். குதிக்க நேரம் இருக்காது.

கலப்பையும் டிராக்டரும் ஒரே உடம்பாக இருக்க வேண்டும் என்பதே ஃபெர்குசன் கண்ட வழி. முதலில் ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கம்பிகள் வைத்தார். கீழ்க்கம்பி கலப்பையை இழுக்கும். கலப்பை தடைபட்டால் அதன் மேல்பகுதி முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அப்போது மேல்கம்பி டிராக்டரை முன்னோக்கித் தள்ளும். அந்தத் தள்ளுதான் முன்சக்கரத்தைத் தரையோடு அழுத்தி வைக்கிறது. உங்கள் டாப் லிங்க்கின் முதல் வேலை இதுதான். கலப்பையைச் சாய்ப்பதும் நிமிர்த்துவதும் இரண்டாவது வேலை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். மரத்தூரைப் பிடுங்கவோ, சேற்றில் சிக்கிய வண்டியை இழுக்கவோ டாப் லிங்க் மாட்டும் துளையில் சங்கிலியைக் கட்டுபவர்களை நானே பார்த்திருக்கிறேன். உயரமான அந்த இடத்திலிருந்து இழுத்தால் டிராக்டர் நேராகப் பின்பக்கம் மல்லாந்துவிடும். ஆளைக் காப்பாற்ற வந்த இடமே ஆளைக் கொன்றுவிடும். இழுப்பது எதுவானாலும் கீழே இருக்கும் டிராபாரில் மட்டும் கட்டுங்கள்.

ஃபெர்குசன் அதோடு நிற்கவில்லை. டாப் லிங்க் தள்ளும் விசையைக் கொண்டே ஹைட்ராலிக்கை இயக்க முடியும் என்று கண்டுபிடித்தார். மண் இறுகினால் கலப்பையின் பாரம் கூடும், டாப் லிங்க் ஒரு ஸ்பிரிங்கை அழுத்தும், வால்வு திறக்கும், கலப்பை கொஞ்சம் மேலே எழும். பாரம் குறைந்ததும் பழைய ஆழத்துக்கு இறங்கும். நாம் டிராஃப்ட் கன்ட்ரோல் என்று லிவர் பிடித்து இயக்குவது இதைத்தான். 1926ல் இதற்குப் பிரிட்டனில் காப்புரிமை பெற்றார். கம்பிகளைப் பல விதமாக மாற்றிப் பார்த்த பிறகே, கீழே இரண்டு, மேலே ஒன்று என்ற இன்றைய அமைப்புக்கு வந்து சேர்ந்தார். உழவியல் படித்த என் கண்ணுக்கு இதில் பெரிதாகத் தெரிவது எடைதான். பிடிமானத்துக்காக இரும்பைக் கூட்டிக்கொண்டே போகாமல், கலப்பையின் பாரத்தையே பின்சக்கரத்துக்குக் கொடுத்தார். வண்டியின் எடை குறைந்தால் மண் இறுகுவதும் குறையும்.

1933ல் தன் பட்டறையிலேயே கறுப்பு வண்ணம் பூசிய ஒரு மாதிரி டிராக்டர் கட்டினார். 1936ல் இங்கிலாந்தின் டேவிட் பிரவுன் நிறுவனம் அதை உற்பத்தி செய்தது. விலை கூடுதல், விற்பனை மந்தம். 1938 அக்டோபரில் ஒரு டிராக்டரைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்குக் கொண்டுபோய், ஹென்றி ஃபோர்டின் தோட்டத்திலேயே உழுது காட்டினார். ஃபோர்டு அசந்துபோனார். டிராக்டர் செய்வது ஃபோர்டு, விற்பது ஃபெர்குசன் என்று இருவரும் கைகுலுக்கி ஒப்புக்கொண்டார்கள். எழுத்தில் ஒரு வரிகூட இல்லை. 1939ல் வெளிவந்த அந்த டிராக்டரை அறிமுக விழாவில் எட்டு வயதுச் சிறுவன் ஒருவன் ஓட்டி உழுதான். அந்த ஒப்பந்தத்தில் 3 லட்சத்துக்கும் மேற்பட்ட டிராக்டர்கள் விற்றன.

பேரன் இரண்டாம் ஹென்றி ஃபோர்டு பொறுப்புக்கு வந்ததும் அந்தக் கைகுலுக்கல் செல்லாமல் போனது. 1947ல் ஃபோர்டு நிறுவனம் அதே இணைப்பு வைத்த டிராக்டரைத் தனியாக விற்கத் தொடங்கியது. ஃபெர்குசன் 25 கோடி டாலருக்கு மேல் நஷ்டஈடு கேட்டு வழக்குப் போட்டார். 1952ல் 92.5 லட்சம் டாலரோடு சமரசமானது. அதற்குள் அவருடைய காப்புரிமைகள் பலவற்றின் காலமும் முடிந்துவிட்டது. அவருக்கு நஷ்டம், நமக்கு லாபம். எந்த நிறுவனமும் மூன்று புள்ளி இணைப்பை வைக்கலாம் என்றானது. இன்று ஒரு நிறுவனத்தின் டிராக்டரில் இன்னொரு நிறுவனத்தின் கலப்பையை மாட்ட முடிவது அதனால்தான்.

வழக்கு நடந்துகொண்டிருந்தபோதே இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் அவருடைய சாம்பல் நிறச் சிறு டிராக்டர் ஓடிக்கொண்டிருந்தது. 1946 முதல் 1956 வரை 5 லட்சத்துக்கும் மேல் தயாரானது. அதே டிராக்டரில்தான் எட்மண்ட் ஹிலாரி 1958 ஜனவரியில் தென் துருவம் போய்ச் சேர்ந்தார். 1953ல் ஃபெர்குசன் தன் தொழிலை மாஸே ஹாரிஸ் நிறுவனத்தோடு இணைத்தார். விலையில் 10 லட்சம் டாலர் இழுபறி வந்தபோது நாணயம் சுண்டிப் பார்த்து, தோற்றார். அந்த நிறுவனமே பின்னால் மாஸே ஃபெர்குசன் ஆனது. அதன் கூட்டுறவோடு 1960ல் சென்னையில் டாஃபே நிறுவனம் தொடங்கியது. அதே ஆண்டு அக்டோபர் 25 அன்று ஃபெர்குசன் இங்கிலாந்தில் தன் வீட்டில் இறந்தார்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். திருகு டாப் லிங்க்கில் ஒரு சிரமம் இருக்கிறது. நீளத்தை மாற்ற ஒவ்வொரு முறையும் இறங்க வேண்டும். பலர் இறங்குவதே இல்லை. ஒன்பது கொத்துக் கலப்பையின் முன்வரிசை ஆழமாகப் போக, பின்வரிசை மண்ணைக் கீறிக்கொண்டு மட்டும் போகும் வயல்களை அடிக்கடி பார்க்கிறேன். டாப் லிங்க் குட்டையாக இருந்தால் கலப்பையின் மூக்கு கீழே குத்தும். நீளமாக இருந்தால் வால் தாழும். சமதரையில் நிறுத்திக் கலப்பைச் சட்டம் மட்டமாக இருக்கிறதா என்று பார்த்தால் போதும்.

ஹைட்ராலிக் டாப் லிங்க் இருந்தால் உட்கார்ந்த இடத்திலிருந்தே மாற்றலாம். நிலம் சமன் செய்யும் பிளேடு ஓட்டுபவர்களுக்கும், ஒரே நாளில் பல கருவிகளை மாற்றி வாடகைக்கு ஓட்டுபவர்களுக்கும் இது பயன் தரும். சொந்த நிலத்தில் கொத்துக் கலப்பையும் ரோட்டவேட்டரும் மட்டும் வைத்திருப்பவர்கள் அந்தப் பணத்தை வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளலாம் என்பது என் கருத்து.

வாங்குவதாக இருந்தால், டிராக்டரில் இருபுறமும் எண்ணெய் தள்ளும் டபுள் ஆக்டிங் வால்வு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். டிப்பர் டிரெய்லருக்கு வைத்த ஒற்றைக் குழாய் போதாது. சிலிண்டர் முழுதும் சுருங்கிய நீளத்தையும் நீண்ட நீளத்தையும் உங்கள் பழைய கம்பியோடு அளந்து ஒப்பிடுங்கள். பின் துளை முதல் வகை இணைப்புக்கு 19 மி.மீ., இரண்டாம் வகைக்கு 25 மி.மீ. எண்ணெயைப் பிடித்து நிறுத்தும் லாக் வால்வு இல்லாத சிலிண்டரை வாங்காதீர்கள். அது இல்லாவிட்டால் உழும்போது சிலிண்டர் மெல்லச் சுருங்கிக் கலப்பை தானாக ஆழமாகும். தூக்கிப் போகும்போது நீண்டு வால் தாழும். ரோட்டவேட்டர் ஓடும்போது பி.டி.ஓ. தண்டின் சாய்வு கூடிவிடும் அளவுக்கு நீட்டவோ சுருக்கவோ செய்யாதீர்கள். குழாயைக் கழற்றும் முன் கருவியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, லிவரை இருபுறமும் அசைத்து அழுத்தத்தை விடுவியுங்கள். கசிவைக் கையால் தடவிப் பார்க்க வேண்டாம். ஊசி முனை ஓட்டையிலிருந்து வரும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பாருங்கள். பழைய திருகுக் கம்பியை எடைக்குப் போட்டுவிடாதீர்கள். உழவு நேரத்தில் குழாய் வெடித்தால் அன்றைய வேலையை முடிக்க அதுதான் கைகொடுக்கும்.