கழித்துப் போட்டதைக் கொண்டு வீடு கட்டியவர்: லாரி பேக்கரின் வாழ்க்கை

திருவண்ணாமலைக்குச் சில ஆண்டுகள் இடைவெளி விட்டுப் போகிறவர்களுக்கு ஊர் மாறியிருப்பது உடனே தெரியும். 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையை ஒட்டியும் ஊருக்குள்ளும் ஓட்டு வீடுகள் குறைந்து மாடி வீடுகளும் விடுதிகளும் எழுந்துள்ளன. ஒரு பழைய வீடு இடிபடும்போது தேக்கு நிலையும் உத்திரமும் பழைய மரச்சாமான் கடைக்குப் போகின்றன. ஓடு, செங்கல், காரை எல்லாம் டிராக்டரில் ஏறி ஏதாவது ஒரு பள்ளத்திலோ ஏரிக்கரையிலோ கொட்டப்படுகின்றன. மறுவாரமே அதே மனையில் புதுச் செங்கல்லும் புது ஜல்லியும் சிமெண்ட் மூட்டைகளும் வந்து இறங்குகின்றன.

இது திருவண்ணாமலையில் மட்டும் நடப்பதல்ல. நம் மஹல்லாக்களிலும் இதுதான் நடக்கிறது. வளைகுடாவில் பல ஆண்டுகள் வியர்வை சிந்திய சகோதரர் ஊர் திரும்பி முதலில் செய்வது, வாப்பா கட்டிய வீட்டை இடிப்பதுதான். கையில் இருப்பது அஸ்திவாரத்திலும் கான்கிரீட்டிலும் கரைந்துவிட, மீதிக்கு வட்டிக் கடன் வாங்கி, அதை அடைக்க மறுபடியும் விமானம் ஏறுகிறார். வீண்விரயம் கூடாது என்று எத்தனையோ பயான்களில் கேட்ட நாம், வீடு கட்டும்போது மட்டும் அதை மறந்துவிடுகிறோம்.

குறைந்த செலவில், கழித்துப் போட்ட பொருளைக் கொண்டும் உறுதியான அழகான வீடு கட்டலாம் என்று நம் நாட்டில் வாழ்ந்து காட்டிய ஒருவர் உண்டு. அவர்தான் லாரி பேக்கர்.

பர்மிங்ஹாமிலிருந்து பம்பாய் வரை

லாரி பேக்கர் 1917 மார்ச் 2-ஆம் தேதி இங்கிலாந்தின் பர்மிங்ஹாம் நகரில் பிறந்தார். அங்கேயே கட்டடக் கலை படித்து 1937-இல் பட்டம் பெற்றார். இளம் வயதிலேயே, எளிமையையும் போர் மறுப்பையும் கொள்கையாகக் கொண்ட குவேக்கர் கிறிஸ்தவப் பிரிவில் சேர்ந்தார். இரண்டாம் உலகப் போர் மூண்டபோது ஆயுதம் ஏந்த மறுத்து, குவேக்கர்களின் ஆம்புலன்ஸ் குழுவோடு சீனா சென்று காயம்பட்டவர்களுக்கும் தொழுநோயாளிகளுக்கும் பணிவிடை செய்தார்.

சீனாவிலிருந்து தாய்நாடு திரும்பும் வழியில் கப்பலுக்காகப் பம்பாயில் சுமார் 3 மாதம் காத்திருக்க நேர்ந்தது. அப்போது காந்தியடிகளைச் சந்தித்தார். பேக்கர் காலில் போட்டிருந்தது கழிவுத் துணியால் செய்த செருப்பு. அது காந்தியின் கண்ணில் பட, அதைப் பற்றியே இருவரும் பேசத் தொடங்கினார்கள் என்பது பேக்கரின் வாழ்க்கையில் புகழ்பெற்ற சம்பவம். ஒரு வீட்டுக்கு வேண்டிய பொருள் அதைச் சுற்றி 5 மைல் தூரத்துக்குள் கிடைப்பதாக இருக்க வேண்டும் என்ற காந்தியின் எண்ணம் அவர் மனதில் ஆழப் பதிந்தது. பிறகு 60 ஆண்டுகள் அவர் செய்த வேலைக்கெல்லாம் அதுவே அளவுகோல் ஆயிற்று.

மலைவாசிகளிடம் கற்ற பாடம்

1945-இல் பேக்கர் தொழுநோயாளிகளுக்கான அமைப்பு ஒன்றின் கட்டடக் கலைஞராக இந்தியா வந்தார். நோயாளிகளை ஒதுக்கி வைத்திருந்த பழைய விடுதிகளைச் சிகிச்சை தரும் மருத்துவமனைகளாக மாற்றுவது அவர் வேலை. 1948-இல் கேரளத்தைச் சேர்ந்த மருத்துவர் எலிசபெத் ஜேக்கபை மணந்தார். இருவரும் இமயமலை அடுக்கில் உள்ள பித்தோராகரில் குடியேறி, சுமார் 16 ஆண்டுகள் அந்த மலைவாசிகளுக்கு மருத்துவமனை நடத்தினார்கள்.

இங்கிலாந்தில் படித்த கட்டடக் கலை அந்த மலையில் பெரிதாக உதவவில்லை. அங்கிருந்த மக்களோ பக்கத்தில் கிடைத்த கல்லையும் மண்ணையும் மரத்தையும் வைத்து, குளிருக்கும் மழைக்கும் தாங்கும் வீடுகளைத் தலைமுறை தலைமுறையாகக் கட்டி வந்தார்கள். பேக்கர் அவர்களிடம் மாணவரானார். பட்டம் பெற்ற ஒருவர் படிக்காத கொத்தனாரிடம் பாடம் கேட்கத் தயங்கவில்லை என்பது நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

சிக்கனத்தின் கணக்கு

1963-இல் குடும்பம் கேரளத்தின் வாகமண் மலைக்கு இடம்பெயர்ந்தது. சில ஆண்டுகளில் திருவனந்தபுரத்தை அடுத்த நாலாஞ்சிறையில் நிலைத்தது. பேக்கரின் பெயர் நாடெங்கும் பரவியது அதன் பிறகுதான். மீனவர்களுக்குப் பூந்துறையில் குடியிருப்பு, உள்ளூரில் வளர்ச்சி ஆய்வு மையத்தின் வளாகம், தம்பானூரில் சுழன்று ஏறும் கோபுரம் போன்ற காபி ஹவுஸ் என ஏழைக்கும் நிறுவனத்துக்கும் ஒரே கொள்கையில் கட்டினார்.

அவருடைய சிக்கனத்துக்குப் பின்னால் தெளிவான கணக்கு இருந்தது. செங்கல்லைப் படுக்க வைக்காமல் பக்கவாட்டில் நிறுத்தி, நடுவே இடைவெளி விட்டுக் கட்டும் எலிப்பொறிக் கட்டில் ஏறத்தாழ கால் பங்கு செங்கல் மிச்சமாகும். உள்ளே அடைபட்ட காற்று வெயிலைத் தடுப்பதால் வீடும் குளுமையாக இருக்கும்.

கான்கிரீட் தளத்திலும் இப்படித்தான். தளம் வளையும்போது அடிப்பாகத்தில் வரும் இழுவிசையைத் தாங்குவது கம்பிதான். அங்கே கான்கிரீட்டின் பங்கு குறைவு. அந்த இடத்தில் கம்பிகளுக்கு நடுவே, கழித்துப் போட்ட மங்களூர் ஓடுகளை வைத்து மேலே கான்கிரீட் போட்டார். ஃபில்லர் ஸ்லாப் எனப்படும் இம்முறையில் சிமெண்ட்டும் கம்பியும் குறையும், எடை குறையும், அடியிலிருந்து பார்த்தால் ஓடுகளின் வரிசையே அலங்காரமாகத் தெரியும்.

விலை கூடிய ஜன்னல்களுக்குப் பதில் பல இடங்களில் செங்கல்லையே இடைவெளி விட்டு அடுக்கித் துளைச்சுவர் எழுப்பினார். பழைய பள்ளிவாசல்களிலும் தர்காக்களிலும் கல்லில் நாம் பார்க்கும் ஜாலி வேலைப்பாடுதான் அது. கண்ணைக் கூசாத வெளிச்சமும் தடையில்லாத காற்றும் வரும்; உள்ளே இருப்பவர்களின் மறைவும் காக்கப்படும். சுவருக்கு அவர் பெரும்பாலும் பூச்சு வேலை செய்யவில்லை. பூச்சு இல்லையென்றால் பெயிண்டும் இல்லை, சில ஆண்டுகளுக்கு ஒருமுறை அதற்கான செலவும் இல்லை.

நாலாஞ்சிறையில் பாறைச் சரிவில் அவர் கட்டிக்கொண்ட சொந்த வீடே இதற்குச் சாட்சி. இடித்த வீடுகளின் மரமும் கதவும், உடைந்த ஓட்டுத் துண்டுகளும், காலிப் பாட்டில்களும் அந்த வீட்டில் இடம்பிடித்தன. சுவரில் பதித்த பாட்டில் வழியே நிற நிறமாய் வெளிச்சம் விழும். வரைபடத்துக்குக்கூடப் புதுத் தாளைத் தேடாமல், பயன்படுத்திய தாளின் பின்பக்கத்தில் வரைவார். மனையில் நின்று கொத்தனாரோடு பேசியபடியே வேலையை நடத்துவார்.

எதிர்ப்பும் ஏற்பும்

பூசாத செங்கல் வீடு ஏழையின் அடையாளம் என்று பலர் முகம் சுளித்தார்கள். இவ்வளவு மலிவாகக் கட்டினால் நிற்குமா என்று பொறியாளர்கள் சந்தேகப்பட்டார்கள். பேக்கர் வாதம் செய்வதைவிடக் கட்டிக் காட்டுவதையே பதிலாகக் கொண்டார். 1985-இல் கேரளத்தின் முன்னாள் முதல்வர் அச்சுத மேனன், பொருளியல் அறிஞர் கே.என். ராஜ் ஆகியோருடன் சேர்ந்து காஸ்ட்ஃபோர்டு அமைப்பைத் தொடங்கி, தன் முறைகளைக் கொத்தனார்களுக்கும் இளம் பொறியாளர்களுக்கும் கற்றுத்தர வழிசெய்தார். செலவைக் குறைப்பது எப்படி என்று தானே படம் வரைந்து சிறு கையேடுகள் எழுதினார். இந்தியக் குடியுரிமை பெற்ற அவருக்கு 1990-இல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது.

தமிழகத்திலும் அவர் கைத்தடம் உண்டு. சென்னையை அடுத்த முட்டுக்காட்டில் 1996-இல் திறக்கப்பட்ட தட்சிணசித்ரா வளாகத்தின் வடிவமைப்பில் அவருக்குப் பங்கு உண்டு. இடிபடவிருந்த பழைய வீடுகளைப் பகுதி பகுதியாகப் பிரித்துக் கொண்டுவந்து அங்கே மீண்டும் நிறுத்தியிருக்கிறார்கள். செட்டிநாட்டு வீட்டின் தூண்கள் இன்றும் அங்கே கூரையைத் தாங்கி நிற்கின்றன. பேக்கர் 2007 ஏப்ரல் 1-ஆம் தேதி, தமது 90-ஆம் வயதில், திருவனந்தபுரத்தில் காலமானார்.

நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது

திருவண்ணாமலையிலேயே இந்த வழியில் நடப்பவர்கள் இருக்கிறார்கள். பிஜு பாஸ்கர் தொடங்கிய குழு, மண்ணையும் சுண்ணாம்பையும் கொண்டு வீடு கட்டும் பழைய முறைகளை அங்கே இளைஞர்களுக்குக் கற்றுத் தந்து வருகிறது. ஆர்வமுள்ளவர்கள் நேரில் போய்ப் பார்க்கலாம்.

வாப்பாவின் வீட்டை இடித்தே ஆக வேண்டும் என்றால், ஜேசிபியைக் கூப்பிடும் முன் சில நாட்கள் ஒதுக்கி வீட்டை மேலிருந்து கீழாகப் பிரிக்கச் சொல்லுங்கள். முதலில் ஓடு, பிறகு உத்திரம், பிறகு நிலையும் ஜன்னலும், கடைசியில் செங்கல். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரின் செங்கல் பெரும்பாலும் முழுசாகவே பிரிந்து வரும். சிமெண்ட் கலவையில் கட்டியது உடையும். உடைந்ததும் வீணல்ல, தரைக்கு அடியில் நிரப்ப உதவும்.

பழைய கதவும் ஜன்னலும் வாங்குவதாக இருந்தால் அவற்றை முதலில் வாங்கி, அளவெடுத்து, அதற்கேற்பச் சுவரில் இடம் விடுங்கள். சுவர் எழுந்த பிறகு தேடினால் அளவு பொருந்தாது. கரையான் அரித்த மரத்தையும் உப்புப் பூத்த செங்கல்லையும் ஒதுக்கிவிடுங்கள். துருப்பிடித்த பழைய கம்பியைக் கான்கிரீட்டுக்குள் வைக்க வேண்டாம். ஃபில்லர் ஸ்லாப் போடுவதை அந்த வேலை தெரிந்த பொறியாளரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யுங்கள். பூசாத சுவர் வேண்டுமென்றால் நன்றாக வெந்த செங்கல்லும் கை சுத்தமான கொத்தனாரும் அவசியம்.

பேக்கர் நம் மார்க்கத்தைச் சேர்ந்தவர் அல்லர். ஆனாலும் வீண்விரயத்தைத் தவிர்ப்பது எப்படி என்று வாழ்நாள் முழுக்கச் செய்து காட்டினார். பக்கத்து வீட்டுக்காரர் வைத்த எலிவேஷனைப் பார்த்து நம் வீட்டை உயர்த்தினால், அதற்கான விலையைக் கொடுப்பது நம் பிள்ளைகளைப் பிரிந்து அந்நிய மண்ணில் நாம் கழிக்கும் ஆண்டுகள்தான். வாப்பா வைத்த நிலைக்கதவு புது வீட்டின் வாசலில் நின்றால் நம் மதிப்பு குறைந்துவிடாது. கடனில்லாத வீட்டில், குடும்பத்தோடு நிம்மதியாகத் தூங்கும் பாக்கியம் நமக்குக் கிடைக்கும்.