ஐகோர்ட்டு வளாகத்தில் கவர்னர் மகன் கல்லறை! வருடம் 10 பவுண்டு சம்பளத்துக்கு வந்தவர் பெரும் பணக்காரர் ஆன கதை

சென்னை ஐகோர்ட்டு வளாகத்துக்குள், பழைய சட்டக்கல்லூரிக் கட்டிடத்துக்குப் பக்கத்தில் உயரமான ஒரு கல்லறை நிற்கிறது. வாய்தாவுக்கு வருகிறவர்களும் வக்கீல்களும் அதைத் தாண்டித்தான் போகிறார்கள். உள்ளே இருப்பது யார் என்று நின்று கேட்பவர்கள் குறைவு.

உள்ளே இருப்பது 2 பேர். ஒருவர் கும்பினி அதிகாரி ஜோசப் ஹின்மர்ஸ். இன்னொருவன் 4 வயது கூட நிரம்பாத சிறுவன் டேவிட். சிறுவனின் அப்பா, கோட்டை கவர்னராக இருந்த எலிஹூ யேல். அமெரிக்காவில் உள்ள யேல் பல்கலைக்கழகத்துக்கு இவர் பெயர்தான்.

அவருடைய கதை வருமாறு:-

குமாஸ்தா வேலை

எலிஹூ யேல் 1649-ம் ஆண்டு அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிறந்தார். சிறு வயதிலேயே குடும்பத்துடன் இங்கிலாந்து போய்விட்டார். 1672-ல் கிழக்கிந்தியக் கும்பினியின் குமாஸ்தாவாக சென்னையில் வந்து இறங்கினார். சம்பளம் வருடத்துக்கு வெறும் 10 பவுண்டு. கும்பினி ஊழியர்கள் சம்பளத்தை நம்பி இருந்ததில்லை. சொந்தமாகச் செய்த வியாபாரத்தில்தான் அவர்களுக்குத் துட்டு.

விதவையுடன் கல்யாணம்

கோட்டையில் 2-வது பெரிய அதிகாரியாக இருந்த ஹின்மர்ஸ் 1680 மே மாதம் இறந்தார். அதே ஆண்டு நவம்பர் 4-ந்தேதி அவருடைய விதவை கேத்தரினை யேல் மணந்துகொண்டார். கோட்டைக்குள் உள்ள செயின்ட் மேரீஸ் சர்ச் திறக்கப்பட்டு அப்போது ஒரு வாரம்தான் ஆகி இருந்தது. அங்கு நடந்த முதல் கல்யாணம் இதுதான்.

கவர்னர் ஆனார்

1687-ல் யேல் கவர்னர் ஆனார். சில மாதங்களிலேயே வீட்டில் இடி விழுந்தது. 1688 ஜனவரியில் மகன் டேவிட் இறந்துபோனான். தாயின் முதல் கணவர் ஹின்மர்சின் கல்லறையிலேயே பையனையும் அடக்கம் செய்தார்கள்.

அதே ஆண்டு செப்டம்பர் 29-ந்தேதி சென்னை மாநகராட்சி தொடங்கியது. நத்தானியல் ஹிக்கின்சன் முதல் மேயர் ஆனார்.

ஆள் கடத்தல்

இந்தச் சமயத்தில் ஊரில் பஞ்சம். வயிற்றுப்பாட்டுக்கு வழியில்லாத ஏழைகள் விலைக்குப் போனார்கள். ஐரோப்பா போகும் ஒவ்வொரு கப்பலிலும் குறைந்தது 10 அடிமைகளையாவது ஏற்றி, வழியில் உள்ள செயின்ட் ஹெலினா தீவுக்கு அனுப்ப வேண்டும் என்று கோட்டைக் கவுன்சில் முடிவு செய்தது. அந்தக் கவுன்சிலில் யேலும் இருந்தார். 1687-ல் ஒரே மாதத்தில் 665 பேராவது இந்தத் துறைமுகத்திலிருந்து கப்பலேற்றப்பட்டதாகக் கும்பினிக் கணக்கை ஆராய்ந்தவர்கள் கூறுகிறார்கள்.

பதவி பறிபோனது

பதவியை வைத்துச் சொந்தப் பெட்டியை நிரப்பிக்கொண்டார் என்று யேல் மீது புகார் கிளம்பியது. 1692-ல் பதவி பறிபோனது. அவர் நாற்காலியில் உட்கார்ந்தவர் முன்னாள் மேயர் ஹிக்கின்சன். யேல் 1699-ல் பெரும் சொத்துடன் கப்பலேறினார்.

லண்டனில் வைர வியாபாரம் செய்து வந்தவரிடம் அமெரிக்காவில் இருந்து உதவி கேட்டார்கள். 1718-ல் அங்குள்ள ஒரு சிறு கல்லூரிக்கு 9 பொதி சரக்கு, 417 புத்தகங்கள், மன்னர் ஜார்ஜ் படம் ஆகியவற்றை அனுப்பினார். சரக்கில் மஸ்லின், காலிகோ துணிகளும் இருந்தன. எல்லாம் 562 பவுண்டுக்கு விலைபோயின. நன்றியாகக் கல்லூரிக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 1721-ல் லண்டனில் இறந்த யேலை வேல்ஸ் நாட்டில் ரெக்சம் ஊரில் புதைத்தார்கள்.

தப்பிய கல்லறை

ஐகோர்ட்டு பக்கம் இருந்த அந்த இடம் அப்போது வெள்ளைக்காரர்களின் இடுகாடு. 1758-59-ல் பிரெஞ்சுப்படை கோட்டையை முற்றுகையிட்டபோது கல்லறைகளின் மறைவில் நின்று தாக்கியது. எனவே பிற்பாடு இடுகாட்டையே இடித்துத் தள்ளினார்கள். பெயர் பொறித்த கற்கள் செயின்ட் மேரீஸ் சர்ச்சுக்குப் போயின. இன்றும் சர்ச்சைச் சுற்றி அவை தரையில் பதிந்து கிடக்கின்றன. டேவிட்டின் கல்லறை மட்டும் தப்பிய ஒன்றிரண்டில் ஒன்று.

வாகனம் நிறுத்த இடம் வேண்டும் என்று வழக்கு வந்ததில், கல்லறையை வேறு இடத்துக்கு மாற்றும்படி 2023-ல் ஐகோர்ட்டு தனி நீதிபதி உத்தரவிட்டார். அடிமை வியாபாரத்துடன் தனக்கு இருந்த தொடர்புக்காக யேல் பல்கலைக்கழகம் 2024-ல் மன்னிப்புக் கேட்டது.

கவர்னருக்கு ரெக்சமில் கல்லறை இருக்கிறது. மகனுக்கு பாரிமுனையில் இருக்கிறது. பஞ்சத்தில் விலைபோய்க் கப்பலேறிய அந்த ஏழைகளுக்குத்தான் சென்னையில் ஒரு கல்கூடக் கிடையாது.